கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது?

நம் கேம்பில் புதிதாகச் சங்கம் வைக்கப் போகிறார்களாம். பாறை இறங்கிச் செத்தவர்களுக்கு ஒரு விளக்குத் தூண் நிறுத்த வேண்டும் என்று பேச்சு. தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எல்லாரையும் நியமித்தாயிற்று. காரியதரிசிக்கு நாற்காலிகூட வந்துவிட்டதாகக் கேள்வி. என் இடத்தில் இப்போது பெல் அடிக்கிறவர் வீடு தேடி வந்து, "மொதல்ல சங்கம் வெச்சது நீங்கதானே. எப்பிடி வெச்சீங்கன்னு எழுதிக் குடுங்க, கூட்டத்துல படிக்கிறோம்" என்றார். எழுதித் தருகிறேன். ஆனால் கூட்டத்தில் படிக்கிற மாதிரி இருக்குமா என்பது சந்தேகம்தான். எங்கள் சங்கம் நாற்காலி போட்டு நடந்த சங்கமில்லை. அது முடிகிற வரைக்கும் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

இதில் வருகிறவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இப்போது இங்கே இல்லை. சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள், சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரர் கேப்டன் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி.

ரயில் வருவதற்கு முன்பே குடியாத்தம் பக்கத்திலிருந்து இந்தத் தங்கச் சுரங்கங்களுக்கு நடந்து வந்தவன் நான். கொஞ்ச காலம் கல் உடைத்தேன், கொஞ்ச காலம் கீழே வண்டி தள்ளினேன். எழுத்து வாசனை இருந்ததால், ஆட்கள் கீழே இறங்குகிற குழியான ஷாப்டின் வாயில் பெல்காரனாகப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கீழே இறங்குகிற ஒவ்வொருவனிடமும் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை இருக்கும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவதற்கு முன் அதை என்னிடம் தருவான். நான் பலகையில் அந்த நம்பருக்கான ஆணியில் மாட்டுவேன். ஆட்கள் ஏறினதும் கதவுச் சங்கிலியைப் போட்டுவிட்டு, என்ஜின்காரருக்கு மணி கொடுப்பேன். கேஜ் இறங்கும். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவன் நம்பரைச் சொல்லி வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். கடைசியில் பலகை காலியாக இருக்க வேண்டும். ஆணியில் ஒரு வில்லை தொங்கினால் பூமிக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பெரும்பாலும் எங்கேயாவது பேசிக்கொண்டு நின்றிருப்பான். அவன் வருகிற வரைக்கும் ஷாப்டையே எட்டி எட்டிப் பார்ப்பேன். வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "இன்னாத்துக்கு இப்பிடிக் கத்துற? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் கேப்டன் துரை அந்தப் பலகைக்குத்தான் பக்தர். சீமையிலும் சுரங்கத்திலேயே வளர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வருவார், ஷாப்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையையே பார்த்தபடி பைப் பிடிப்பார். தெரிந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பலகை சரி?" சரி என்றால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். மேலே வந்த ஆட்களின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. தலை எண்ணிக்கை ஒத்துப்போனால் அவருக்குப் போதும்.

ஆட்களும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆள் மாற்றி இறங்குகிற பழக்கம் எல்லாக் குடிசை லைனிலும் இருந்தது. ஒருவனுக்குக் காய்ச்சல், அல்லது ஊரில் நடவு, அல்லது பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால் வேலையை விடமாட்டான். அவன் வில்லையைப் போட்டுக்கொண்டு தம்பியோ மச்சானோ இறங்குவான். வராமலிருந்தால் வேலை போய்விடும், வேலை போனால் கம்பெனி கொடுத்த குடிசையும் போய்விடும். அதனால் வீட்டுக்கு ஒரு வில்லை இருந்தால் அது வீட்டில் எல்லாருக்கும் சொந்தம். தலைமுண்டாசும் உடம்பெல்லாம் தூசியுமாக வரிசையில் வருகிறவனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை ஷிப்டில் பாறை வெடித்து இறங்கியது. நான் அடுத்த ஷிப்டுக்குப் போனேன். முன் ஷிப்ட் பெல்காரர் ஒன்றும் பேசாமல் பலகையைக் காட்டினார். காலியாக இருக்க வேண்டிய பலகையில் ஒரு வரிசை முழுக்க வில்லைகள். கீழே தோண்டித் தோண்டி ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தார்கள். அடையாளம் சொல்கிற நிலையில் சில உடம்புகள் இல்லை. வில்லை நம்பரை வைத்து ஆபீசில் பெயர் எழுதினார்கள், பெற்றவர்களும் பெண்டாட்டிகளும் காலையும் கையையும் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. புதிதாக வந்த ஆட்களுக்கு அந்த வில்லைகளையே கொடுத்தார்கள். நம்பர் அதே நம்பர், ஆணியும் அதே ஆணி. ஷிப்ட் முடிந்து பலகை காலியானதும் கேப்டன் துரை "பலகை சரி?" என்றார். சரி என்றேன். சொன்ன வாய் எனக்கே கசந்தது. செத்தவர்களை இப்படி ஒரே வாரத்தில் துடைத்துவிட முடிகிறதே என்று இருந்தது. நம்பர் போனால் போகட்டும், பெயராவது எங்கேயாவது இருக்க வேண்டாமா? கோவிலுக்குப் பக்கத்து லைனில் இருந்த உபதேசியார் ஞானமுத்துவிடம் சொல்லிப் புலம்பினேன். அவருடைய கிறிஸ்தவ சபையிலும் இருவர் செத்திருந்தார்கள். "புலம்பினால் ஆகாது வரதராஜ், ஒரு சங்கம் வைப்போம்" என்றார். அப்படித்தான் ஞாபகக்கல் சங்கம் வந்தது. அவர் தலைவர், நான் காரியதரிசி. சம்பள நாளில் முடிந்ததைப் போடுவது, கல் வாங்கி ஷாப்டுக்கு எதிரே மேட்டில் நடுவது, அதில் செத்தவர்கள் பெயரை வெட்டுவது. இவ்வளவுதான் சங்கத்தின் சட்டம்.

மேட்டு நிலம் கம்பெனியுடையது. அதனால் கேப்டன் துரையிடம் போனோம். உபதேசியார் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். தன் தகப்பனும் சுரங்கத்தில் செத்தவர்தான், ஊர்க் கோவில் சுவரில் அவர் பெயர் இருக்கிறது, சின்னப்பிள்ளையில் அதை விரலால் தடவிப் பார்த்ததுண்டு என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. உடனே அடுத்த பேச்சு வந்தது. ஆபீசில் இல்லாத எந்தப் பெயரும் கல்லில் வரக்கூடாது, எந்தத் தலையும் குறையவும் கூடாது; வெட்டுவதற்கு முன் தானே பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். கல்லும் பலகை மாதிரிதான் என்றார். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கல் வாங்குகிற அளவுக்குச் சேர்ந்து, பேத்தமங்களாப் பக்கத்தில் ஒரு நல்ல பாறையும் பார்த்து வைத்திருந்த சமயம். ஒரு மத்தியானம் குப்பம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செத்தவர்களில் முனுசாமி என்பவனின் தாய். காரியம் முடிந்ததுமே எங்கள் ஊரிகத்தைவிட்டு, இன்னொரு சுரங்கமான கொரமாண்டலின் லைனுக்குக் குடிபோய்விட்டவள். சங்கத்துக்கு முதலில் பணம் போட்டதும் அவள்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எம்புள்ள பேர கல்லுல வெட்டாதப்பா" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? அதுக்குத்தானே சங்கமே வெச்சோம்?"

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முனுசாமி சாவலப்பா. கொரமாண்டல்ல கீறான். இன்னிக்கிக்கூட ஷிப்டுக்குப் போயிக்கிறான்."

கதவைச் சாத்திவிட்டு முழுதும் கேட்டேன். முனுசாமி பெண்டாட்டியின் பிரசவத்துக்குப் போளூர்ப் பக்கம் ஊருக்குப் போயிருந்தான். ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தம்பி கன்னியப்பன், லைனில் யாருக்கும் சரியாக முகம்கூடத் தெரியாதவன், அண்ணன் வில்லையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். செத்தவன் அவன். உடம்பைப் பார்த்ததும் தாய்க்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வில்லை முனுசாமியுடையது, ஆபீஸ் முனுசாமி என்று எழுதிவிட்டது. நிஜத்தைச் சொன்னால் பெரியவனுக்கு வேலை போகும். விபத்துக்குப் பிறகு ஆள் மாற்றுவதை மோசடி என்று ஜெயில் வரைக்கும் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு பெரியவன் பெயரைச் சொல்லி அழுதாள். பெரியவன் திரும்பி வந்து தம்பி பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு கொரமாண்டலில் சேர்ந்துவிட்டான்.

"அப்ப கன்னியப்பன்னே வெட்டிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அய்யோ, வாணாம்பா. தொர கேப்பாரே, யாரு இது, எங்க ஆபீசுல இல்லியேன்னு. தோண்டுனா பெரியவன்தான் மாட்டுவான்."

"சரி, முனுசாமின்னே இருந்துட்டுப் போவட்டும். ஆபீசுல அப்பிடித்தானே கீது?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட கீறவன் பேர சாவுக் கல்லுல வெட்டுவாங்களா? அது அவன இட்டுனு பூடும் தம்பி. தெனமும் கீழ எறங்குறவன்பா. ஒண்ண குடுத்துட்டேன். இன்னொண்ணயும் குடுக்க எங்கிட்ட தெம்பு இல்ல."

அப்படியானால் இந்த ஒரு வரியையே விட்டுவிடலாமா என்று வாயெடுத்தேன். துரை தலை குறையக்கூடாது என்றாரே என்பது அப்போதே ஞாபகம் வந்தது. அவளும் அதற்கு ஒப்பவில்லை. "சின்னவனும் ஒரு ஓரமா இருக்கட்டும்பா. அவனுக்குன்னு அழுவக்கூட இல்ல நானு" என்றாள்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஷாப்ட் வாயில் வேலை செய்கிறவனுக்குச் சகுனத்தைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் வராது. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிஜப் பெயரை வெட்டினால் பெரியவன் பிழைப்புப் போகிறது. ஆபீஸ் பெயரை வெட்டினால் பெற்றவள் பயத்திலேயே செத்துப்போவாள். நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கல்லை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது? தெரிந்தும் மறைத்ததற்கு என் வேலையும் சேர்ந்து போகும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள். துரை வந்து "பலகை சரி?" என்று கேட்கும்போதெல்லாம் சரி என்று அவசரமாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உபதேசியாரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர், கேட்டால் உளறிவிடுவார் என்று பயம்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தேன். சபைக் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எல்லாக் குடும்பமும் வந்திருந்தது. நான் எழுந்து, "பேரெல்லாம் வாணாம். இங்கே உயிர்விட்டவர்கள் ஞாபகமாகன்னு ஒரே வரி போதும்" என்றேன்.

கொட்டகை கொதித்துவிட்டது. முதலில் எழுந்தவள் எல்லம்மாள். புருஷனைப் பறிகொடுத்து, கல் பொறுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தவள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"இன்னா பெல்லுக்காரரே, பேரு வெட்டறேன்னுதானே சம்பளத்துக்கு சம்பளம் வாங்குன? இப்ப வாணாம்ன்றியே, கம்பெனிக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்?"

"காரணம் சொல்லுங்க வரதராஜ்" என்றார் உபதேசியாரும். அவர் முகமே மாறியிருந்தது.

நான் என்ன சொல்வேன்? கல்லுச் செலவு, இடம் போதாது என்று ஏதேதோ உளறினேன். "திருடன்" என்று ஒரு குரல் கேட்டது. என் வாழ்நாளில் அந்தச் சொல்லை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து குப்பம்மாள் எழுந்து வந்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"அவரத் திட்டாதீங்க. என்னாலதான் அவரு மாட்டிக்கினு முழிக்கிறாரு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். செத்தவன் யார், இருக்கிறவன் யார், எந்த லைன், எந்தப் பெயர். அவள் சொல்லச் சொல்ல, இத்தனை காதுகளில் ஏதாவது ஒன்று ஆபீசுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் எனக்கு ஓடியது. முடித்துவிட்டு, "இனி நீங்க இன்னா செஞ்சாலும் சரி" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எந்த வீட்டில்தான் ஆள் மாற்றி இறங்கவில்லை? எல்லாருக்கும் அது தங்கள் வீட்டுக் கதைதான்.

எல்லம்மாள்தான் மறுபடி பேசினாள். இப்போது சத்தமில்லை. "பேரு பேருன்னு நான்தான் கத்துனேன். எம்புருசன் பேர எந்தக் காலத்துல நான் வாயால சொல்லிக்கிறேன்? யாராச்சும் கேட்டா, எங்க அத்த மங்கம்மா மவன்னுதான் சொல்லுவேன். அப்பிடியே வெட்டு. மங்கம்மாள் மகன். அது யாருன்னு எனக்குத் தெரியும், எம்புள்ளைங்களுக்குத் தெரியும். குப்பம்மா மவன்னு வெட்டுனா அது யாருன்னு அவளுக்குத் தெரியும். வேற எவனுக்குத் தெரியணும்?"

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்டுகள்தான் அங்கே பாதிக்கு மேல். ஒருத்தி மாமியார் பெயரைச் சொன்னாள், அடுத்தவள் சொன்னாள். பெற்றவர்கள் தங்கள் பெயரையே சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். காளி என்று ஒருவன் மட்டும் மிச்சமிருந்தான். எங்கிருந்தோ தனியாக வந்தவன், தாய் தகப்பன் தெரியாது. என்ன செய்வது என்று நான் நிமிர்ந்தபோது எல்லம்மாள், "எல்லம்மாள் மகன்னு போடு. எங்கையால சோறு துன்னவன்தானே" என்றாள். உபதேசியார் எழுதினதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார். "வரதராஜ், இதுல ஒரு வரிகூடப் பொய் இல்லையே" என்றார். அவருக்கும் உயிர் வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. துரை கையெழுத்துப் போட வேண்டுமே.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனோம். துரை பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். பெயர்கள் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். இங்கே பெண்கள் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கமில்லை, குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து இப்படிக் கேட்கிறார்கள் என்று உபதேசியார் நிதானமாகச் சொன்னார். பென்சில் இறங்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றது. குப்பம்மாள் மகன்.

"இந்த அம்மா இப்போது நம் லைன் கணக்கில் இல்லையே?" என்று கேட்டார் துரை.

"கொரமாண்டலில் இருக்கிறாள் ஐயா" என்றார் உபதேசியார்.

"ஏன் போனாள்?"

உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு மகன் அங்கே வேலை செய்றான் துரை" என்றேன் நான். உபதேசியார் அதை இங்கிலீஷில் சொன்னார்.

துரை பென்சிலை எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே தடவைதான் அவர் தலையைத் திருப்பி அவர்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றிரண்டு பேரை அல்ல, கடைசி ஆள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பலகை சரி?" என்றார்.

"சரி துரை."

கையெழுத்துப் போட்டார். அவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கல் மாட்டுவண்டியில் வந்தது. வெட்டுகிறவர் பக்கத்திலேயே வேலையில்லாத நேரமெல்லாம் நான் நின்றேன். அவர் பழக்கதோஷத்தில் ஒரு பெயரைச் சேர்த்துவிடுவாரோ என்று பயம். "என்னா சாமி, உளிய நான் பிடிச்சிகிறேனா, நீங்க பிடிச்சிகிறீங்களா?" என்று கேட்டேவிட்டார். கூட்டத்தில் கேட்ட ஒருவராவது வெளியில் வாய் விடுவார்களா என்று ஒவ்வொரு சம்பள நாளும் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். சாராயக் கடையில்கூட ஒருவர் பேசவில்லை. இதற்கு நான் அந்த ஜனங்களுக்குச் செத்தாலும் கடன்பட்டவன்.

கல்லைத் திறந்த அன்று துரை வந்து தொப்பியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், போனார். உபதேசியார் ஜெபம் செய்தார், மற்றவர்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். முனுசாமி வரவில்லை. வரக்கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவனுக்கு அன்று ஷிப்ட்.

கூட்டம் கலைந்த பிறகும் குப்பம்மாள் போகவில்லை. படிக்கத் தெரியாதவள். "எது தம்பி?" என்றாள். அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் மெதுவாகத் தடவினாள். மறுபடி தடவினாள். "கன்னியப்பா" என்று கூப்பிட்டாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். சின்னவனுக்கென்று அவள் அழுதது அன்றைக்குத்தான். நானும் அழுதேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுல அவுங்க ரெண்டு பேரு பேரும் இல்லியே?"

"இல்லம்மா. உன் பேருதான் கீது."

"அப்ப இந்தக் கல்லு கூப்புட்டா என்னத்தானே கூப்புடும்?"

அவள் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமாம்மா, உன்னத்தான்" என்றேன்.

"அது போதும்" என்றாள். பெரியவனுக்கு ஷிப்ட் முடிகிற நேரம், சோறு ஆக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொரமாண்டல் பக்கம் வேகமாக நடந்து போனாள்.